சொத்தைக் கடலை எங்கே போகிறது? டெல்டா வீடுகளுக்கு ஒரு பூஞ்சை நச்சு வழிகாட்டி

எங்கள் வீட்டில் கடலை உடைக்கிற நாளில் மூன்று குவியல் விழும். தேறிய பருப்பு விதைக்கும் விற்பனைக்கும். உடைசல் சட்னிக்கு. சூம்பியது, கறுத்தது, முளைவிட்டது எல்லாம் மூன்றாவது குவியல், அது செக்குக்கு. அப்பாயி காலத்திலிருந்து இதுதான் கணக்கு. விளைந்ததை வீணாக்கக் கூடாது என்பது நல்ல புத்திதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்றாவது குவியலின் பின்னாலேயே கொஞ்சம் போய்ப் பாருங்கள். செக்கில் ஆடிய எண்ணெய் நம் தாளிப்புக்கு. புண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கு. மாட்டிலிருந்து பால், காலைக் காபிக்கு. வாசல் வழியாக அனுப்பியது கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

நான் வைத்தியன் இல்லை. ஒரத்தநாடு பக்கம் புதாற்று (கல்லணைக் கால்வாய்) பாசனத்தில் நாலு மா நெல், மேட்டில் கொஞ்சம் கடலை, இரண்டு மாடு. மாடு ஒன்று படுத்த பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். அதை வயலில் தொடங்கி அடுப்படி வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்

பூசணம் கண்ணுக்குத் தெரியும். அது சுரக்கிற நஞ்சு தெரியாது, மணக்காது. கடலையைக் கழுவிக் காயவைத்தால் மேலே பூத்த பச்சைப் பொடி போய்விடும். பருப்புக்குள் இறங்கிய நஞ்சு அப்படியே இருக்கும். நம் ஊரில் முக்கியமான ஆள் அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்து வெட்டி ஒட்டிய பெயர் அது.

1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. ஆக இந்த நஞ்சு உலகத்துக்கு அறிமுகமானதே புண்ணாக்கு வழியாகத்தான். அன்று நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஆய்வகங்களில் வாத்துக் குஞ்சுகளைத்தான் பயன்படுத்தினார்கள், ஏனென்றால் அவற்றைப் போல இந்த நஞ்சுக்குச் சீக்கிரம் விழும் பிராணி குறைவு. அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருபவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்: மேய்ச்சல் இல்லாத நாளில் பூசணம் பிடித்த தீனியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாத்துக்குப் போட்டால், மந்தையே போய்விடும்.

கொதிக்கவைத்தால் போகாதா? எல்லோரும் கேட்கும் கேள்வி. அஃப்ளாடாக்சினில் மிகக் கொடிய வகையான பி1 உருகுவதற்கே 268 டிகிரி வேண்டும். இட்லிப் பானையில் 100, குக்கரில் 120, வடைச் சட்டியில் 180 சொச்சம். வறுத்தால் ஓரளவு குறையும், ஒழியாது. ஆகவே அடுப்பை நம்ப வேண்டாம்.

உடம்பில் என்ன செய்கிறது

நஞ்சு நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றப் பார்க்கும்போது இன்னும் மோசமான ஒரு பொருளாக மாற்றிவிடுகிறது. அது செல்லின் மரபணுவில் போய் ஒட்டிக்கொள்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) வைரஸ் ஏற்கெனவே உடம்பில் இருந்து, அதோடு இதுவும் சேர்ந்தால், கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இவற்றில் எதுவும் இல்லாதவரைவிட சுமார் 60 மடங்கு வரை போகும். குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவதோடும் இதற்குத் தொடர்பு பேசப்படுகிறது.

இது மெதுவான கதை. வேகமான கதையும் உண்டு. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற 397 பேருக்குக் காமாலை கண்டு, 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களும் வயிறு வீங்கிச் செத்தன. அந்தச் சோளத்தில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. இன்று நம் நாட்டில் தானியத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். நம் கணக்கில் சொன்னால், 40 கிலோ சிப்பம் 25,000 அடுக்கி, அத்தனையிலும் சேர்த்து 15 கிராம். அவ்வளவு சின்ன அளவுக்கே சட்டம் போட வேண்டியிருக்கிறது.

மற்ற நஞ்சுகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஓக்ராடாக்சின் சிறுநீரகத்தைத் தாக்கும். மிளகாய், காபிக்கொட்டை, தானியம் மூன்றிலும் வரலாம். ஃபியூமோனிசின் மக்காச்சோளத்தில். கம்பில் தேன்ஒழுகல் நோய் வந்தால் கதிரில் கறுத்த கொம்பு மாதிரி கட்டி நிற்கும். அது கலந்த கம்பைத் தின்றால் குமட்டல், தலைசுற்றல். விதைக் கம்பை 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்புக் கரைத்துக் கொட்டினால் அந்தக் கட்டிகள் மிதக்கும், அள்ளி எறிந்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளலாம். வரகு தின்றால் கிறுக்குப் பிடிக்கும் என்று பெரியவர்கள் சொன்னதும் கட்டுக்கதை இல்லை. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் செத்ததற்குக் காரணம், பூஞ்சை பிடித்த வரகில் இருந்த சைக்ளோபியசோனிக் அமிலம் என்றுதான் சொன்னார்கள்.

படி 1: வயலில்

கடலைக்குக் கடைசி ஒரு மாதம்தான் கண்டம். அந்த நேரத்தில் காய்ச்சலில் மண் வெடித்தால், பூஞ்சை மண்ணிலிருந்தே காய்க்குள் ஏறிவிடும். ஒரு தண்ணீர் கொடுக்க வழியிருந்தால் அப்போது கொடுங்கள். 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டால் ஓடு திடமாகும். பிஞ்சு இறங்கிய பிறகு களைக்கொத்து காயில் படாமல் பார்க்க வேண்டும்; காயம் பட்ட காய் பூஞ்சைக்குத் திறந்த கதவு. கரையான் அரித்த காயைப் பறிக்கும்போதே தனியாகப் போடுங்கள்.

நெல்லில் ஒரு விஷயம் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். கதிரில் மஞ்சளாக, பிறகு பச்சைக் கறுப்பாக உருண்டை உருண்டையாக வரும் நெற்பழ நோயை நம் பக்கம் லட்சுமி நோய் என்போம். வந்தால் மகசூல் கொட்டும் என்று சந்தோஷப்படுவார்கள். பூக்கும் நேரத்தில் மழையும், அளவுக்கு மீறி யூரியாவும் சேர்ந்தால் அது வரும். பயிர் செழித்து நிற்கும் வயலில் தெரிவதால் லட்சுமி ஆகிவிட்டாள். அந்த உருண்டையும் ஒரு பூஞ்சைதான், அதற்கும் சொந்தமாக நஞ்சு உண்டு. அப்படிப்பட்ட கதிரை விதைக்கு எடுக்காதீர்கள், தூற்றும்போது வெளியேற்றுங்கள், அந்தப் பதரை மாட்டுக்கு வைக்காதீர்கள்.

படி 2: அறுத்த பிறகு வரும் இரண்டு நாள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் மற்றதில் பாதி தேவைப்படாது. ஈரமும் 25 முதல் 35 டிகிரி சூடும் சேர்ந்தால் நஞ்சு உருவாக இரண்டு மூன்று நாள் போதும். ஐப்பசியில் நம் களத்துமேட்டின் நிலைமை அச்சு அசலாக அதுதான்.

குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கொள்வது வருஷா வருஷம் நடப்பது. பெல்ட் மிஷின் கொட்டுகிற நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் சாதாரணமாக இருக்கும். கொள்முதல் நிலையத்தில் கேட்பது 17. அதைத் தளர்த்தச் சொல்லி அரசு கேட்பதும், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பதும், அதற்குள் குவியல் முளைவிடுவதும் நாம் பார்க்காததா. அந்த அரசியலை விடுங்கள். நிலையத்து வாசலில் படுதா மூடிக் கிடக்கும் குவியலுக்கு இன்றைக்கு என்ன செய்வது?

கையை முழங்கை வரை குவியலுக்குள் விடுங்கள். நான் ஒரு கார்த்திகையில் அப்படி விட்டேன். மேலே சில்லென்று இருந்த நெல், ஒரு சாண் உள்ளே வெந்நீர்ப் பானையைத் தொட்டதுபோல் சுட்டது. கையை எடுத்தால் நெல் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, புளித்த வாடை. அந்தச் சூடு நெல்லும் பூஞ்சையும் சேர்ந்து மூச்சு விடுவது. சூடு தெரிந்தால் மழை லேசாகத் தூறினாலும் குவியலை உடைத்துப் புரட்ட வேண்டும். கூரைக்கடியில் இடம் மாற்றிக் கொட்டினாலே சூடு தணியும். ஒரு ஃபேன் வைத்து அடித்தால் காயாவிட்டாலும் கெடுவது தள்ளிப்போகும்.

மழை விட்ட ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் படுதாவைத் திறந்துவிடுங்கள். படுதாவின் உள்பக்கம் துளித்துளியாக வேர்த்திருக்கும். அது சொட்டினால் மேல் நெல் மறுபடி நனையும். வெயில் வந்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை காலால் துழாவுங்கள். வெறும் மண்ணில் பரப்பாதீர்கள், அடியிலிருந்து ஈரம் ஏறும். தார் ரோட்டில் காயப்போடுவதை நானும் செய்திருக்கிறேன். வேறு இடமில்லாதவன் என்ன செய்வான். ஆனால் ரோட்டுச் சூட்டில் அரிசி வெடித்து நொய்யாகும், பைக்காரன் சறுக்கி விழுந்தால் அது தனிப் பாவம். பொழுது சாயும் முன் கூட்டி மூடுங்கள், பனி இறங்கக் கூடாது.

கடலைக்கு வேறு முறை. பிடுங்கிய கொடியை அம்பாரம் போடாதீர்கள். காய் மேலே பார்க்கக் கவிழ்த்து வரிசையாக விட்டு, இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் பிறகு காய் ஆயுங்கள். ஆய்ந்த காயையும் மெல்லிசாகப் பரப்பிக் காயவைக்க வேண்டும்.

இனி எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று. உடைக்கிற மிஷினுக்குப் போடும் முன் காயில் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஓடு பதமாகிப் பருப்பு உடையாது, பார்வையாக இருக்கும், எடையும் நிற்கும். அந்த ஈரத்தோடு மூட்டை பிடித்துக் கட்டுகிறார்கள். நாலு நாள் வெயிலில் பாடுபட்டுக் காயவைத்ததை ஒரு வாளித் தண்ணீரில் கெடுக்கிற வேலை இது. உடைசல் கூடினாலும் பரவாயில்லை என்று காய்ந்த காயாகவே உடைக்கச் சொல்லுங்கள். "அண்ணே, எல்லாரும் தெளிச்சுத்தான் கொண்டாராங்க" என்பார் மிஷின்காரர். சொல்லட்டும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தேங்காய்க்காரர்களுக்கு: உடைத்த தேங்காய்க்கும் முதல் இரண்டு நாள்தான் முக்கியம். மழை மூட்டத்தில் உடைக்க ஆரம்பிக்காதீர்கள். கொப்பரையில் ஈரம் 6 அல்லது 7 சதவீதத்துக்கு இறங்க வேண்டும்.

படி 3: காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்

சேமிக்க நெல்லுக்கு 14 சதவீதத்துக்குள், மக்காச்சோளத்துக்கு 13, கடலைப் பருப்புக்கு 7 அல்லது 8. ஈரப்பதமானி இல்லாதவர்களுக்கு ஒரு உப்புச் சோதனை உண்டு. நன்றாகக் காய்ந்த முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டிலில் கால் கிலோ தானியமும், வெயிலில் காய்ந்த தூள் உப்பு இரண்டு பெரிய கரண்டியும் போட்டு மூடி ஒரு நிமிஷம் குலுக்குங்கள். கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15-க்கு மேல், இன்னும் காயவேண்டும். ஒட்டாமல் கீழே விழுந்திருந்தால் ஈரம் 15-க்குள்; மேலே சொன்ன அளவுக்கு இறங்க இன்னும் கொஞ்சம் வெயில் தேவைப்படலாம்.

இந்தச் சோதனை கடலைக்கு ஆகாது. கடலைக்குக் காதும் விரலும் போதும்: காயை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், பருப்பை விரலிடுக்கில் தேய்த்தால் தோல் உரியும்.

படி 4: சேமிப்பு

மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள், மரக்கட்டை மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. ஓட்டுவீட்டில் ஒழுகும் இடத்தைப் புரட்டாசிக்குள் பாருங்கள். அந்துக்கும் வண்டுக்கும் நொச்சி, வேப்பிலை போடுவது சரிதான், அது பூஞ்சையைத் தடுக்காது. ஆனால் பூச்சியைக் கட்டுப்படுத்துவதால் ஓட்டை விழுவதும் குறையும், அந்த அளவுக்கு நன்மை. காற்றுப் புகாத பைகள் இப்போது கிடைக்கின்றன. காய்ந்த தானியத்துக்கு அருமையானவை, ஈரத் தானியத்தைப் போட்டுக் கட்டினால் உள்ளேயே வெந்து நாசம். பூசண மூட்டையைப் பிரிக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கும் ஆகாது.

வீட்டில் நெல் அவிப்பவர்கள் தொட்டியில் இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வாடை அடிக்கும் வரை விட வேண்டாம். 70 டிகிரி வெந்நீரில் மூன்று நாலு மணி நேரம் ஊறினாலே போதும்.

படி 5: அடுப்படி

நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரத்தில் சில பருப்பில்தான் இருக்கும், அந்தச் சிலதில் குவிந்து கிடக்கும். அதனால்தான் பொறுக்குவதற்கு இவ்வளவு மதிப்பு. முறத்தில் கொட்டி, சூம்பியது, நிறம் மாறியது, முளைவிட்டது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாயில் போட்ட கடலை கசந்தால் துப்புங்கள். விருந்துக்குப் போன இடமானாலும் துப்புங்கள்.

பொடியாக்கிய எதிலும் குறை தெரியாது. வற்றல் மிளகாயை முழுசாக வாங்கி, நாலைந்தைக் கிள்ளி உள்ளே பாருங்கள், சாம்பல் பூத்திருந்தால் அந்தக் கடை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மாதச் சாமான் மொத்தமாக வாங்காமல் வாரத்துக்கு வாங்கலாம். ரொட்டியில் ஒரு மூலையில் பூத்திருந்தால் மூலையை வெட்டிவிட்டு மீதியைத் தின்பது வேண்டாம். மெத்தென்ற பண்டத்தில் பூஞ்சையின் வேர் உள்ளே ஓடியிருக்கும்.

அரிசி? கடலை, மக்காச்சோளம் அளவுக்கு ஆபத்து இல்லை, உமி காப்பாற்றுகிறது. ஆனால் மூன்று வேளையும் தின்பது அதைத்தான். மஞ்சளித்த, கறுத்த அரிசி அதிகம் தெரியும் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.

புற ஊதா டார்ச் வாங்கி அடித்துப் பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். மக்காச்சோளம் பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவே. ஒளிராவிட்டால் சுத்தம் என்று அர்த்தமில்லை. வியாபாரத்துக்குச் செய்பவர்கள் ஆய்வகத்தில் கொடுங்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் மத்திய அரசின் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் உணவுப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. 1967-இல் திருவாரூரில் நெல்லுக்காகவே தொடங்கிய சின்ன ஆய்வகம் வளர்ந்து வந்த இடம் அது. ஒரு மூட்டையின் மேலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொண்டுபோகாதீர்கள். பல மூட்டையில், மேலும் நடுவும் அடியுமாக எடுத்துக் கலந்து கொண்டுபோனால்தான் முடிவுக்கு அர்த்தம் உண்டு.

படி 6: செக்கு, புண்ணாக்கு, பால்

என் மாடு கதைக்கு வருகிறேன். தீனியைத் தள்ளிவிட்டது, பால் பாதியானது, அசை போடவில்லை. வந்த கால்நடை மருத்துவர் மாட்டைத் தொடும் முன், "புண்ணாக்கு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். வில்லையை வாசற்படியில் தட்டி உடைத்தார். வெளியே வழவழவென்று பழுப்பாக இருந்த வில்லை, உள்ளே விரிசலோடு பச்சை நரம்பு ஓடிக் கிடந்தது. வாங்கிய கடையைச் சொல்லிப் பயனில்லை. அதைத் தாழ்வாரத்தில் மழைச்சாரல் படும் இடத்தில் வைத்திருந்தது நான்தான், பாதிப் பங்கு எனக்கும் உண்டு.

கடலையை ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயில் போகும். சுத்திகரித்த எண்ணெயில் அந்தக் கொஞ்சமும் பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் நீங்காது. செக்கெண்ணெய் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நாங்களும் அதைத்தான் தாளிக்கிறோம். தின்னக் கூசாத பருப்பை மட்டும் செக்கில் போடுங்கள்.

புண்ணாக்கில் உள்ள பி1 மாட்டின் உடம்பில் எம்1 என்று மாறி, ஒரு நாளைக்குள் பாலில் வந்துவிடுகிறது. காய்ச்சினாலும் தயிராக்கினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில் 368 மாதிரிகளில் எம்1 அளவு மீறியிருந்தது. அதில் தமிழ்நாட்டு மாதிரிகள்தான் அதிகம்: 551-இல் 88. பால்காரர் தண்ணீர் கலந்தாரா என்று பார்ப்பதிலேயே நம் கவனம் நின்றுவிடுகிறது.

கெட்ட தீனியை நிறுத்தினால் மூன்று நாலு நாளில் பால் தேறிவிடும் என்பது ஆறுதல். புண்ணாக்கைப் பத்து நாளுக்கு மேல் தேவைப்படாத அளவில் வாங்குங்கள், வில்லையை உடைத்துப் பார்த்து வாங்குங்கள், உயரத்தில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலையும் ஊறவைத்துக் கொடுக்காதீர்கள்.

படி 7: மனிதருக்கு

குழந்தை பிறந்ததும் போடும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அதன் பிறகு 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசியிலும் அது சேர்ந்தே வரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சாப்பாட்டிலிருந்து நஞ்சை முழுக்க விலக்க முடியாத நமக்கு, கூட்டாளியான வைரஸையாவது விலக்கலாம்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் வாந்தி, வயிற்றுவலி, கண் மஞ்சள், கால் வீக்கம் என்று வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தின்ற தானியத்தில் ஒரு பிடியையும் எடுத்துப் போங்கள். நாயோ கோழியோ கூடவே சுருண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 8: கழித்ததை என்ன செய்வது

கோழிக்கு வேண்டாம், வாத்துக்கு வேண்டாம், மாட்டுக்கு வேண்டாம். நல்லதோடு கலந்து "சரிக்கட்டி" விற்கவும் வேண்டாம். கொல்லையில் முழங்கால் ஆழம் குழி வெட்டி, கோழி கிளறாதபடி மண் மூடிவிடுங்கள்.

போன பங்குனியில் எங்கள் மூன்றாவது குவியல் நாலு படி தேறியது. மூட்டை தூக்க வந்த வியாபாரி அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தச் சொத்தைய என்ன பண்ணப் போறீங்க? பாதி விலைக்கு நான் எடுத்துக்கிறேன்." எதற்கு என்று கேட்டேன். "செக்குக்குத்தான்" என்றார், சாதாரணமாக. குழி ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தேன். அவர் பார்க்கவே கொண்டுபோய்க் கொட்டினேன். காசைக் குழியில் போடுகிறேன் என்று அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.